ஆமை இருபத்து மூன்று, நாரை இருபத்து இரண்டு

திண்டுக்கல்லில் ஒரு பூட்டுக் கடையின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் லினக்ஸ் வகுப்பு நடக்கும். கீழே பூட்டு விற்பார்கள். மேலே, யாரும் திறந்து பார்க்கலாம், யாரும் மாற்றலாம், காசும் வேண்டாம் என்று, கணினியையே இயக்கும் ஒரு மென்பொருளைக் கற்றுக்கொடுப்பார்கள். இதனால் தன் வியாபாரம் கெடுமோ என்று கடைக்காரர் இதுவரை கவலைப்பட்டதில்லை.

நடத்துபவர் எஸ்தர். வயது முப்பத்து நான்கு. கணினி பழுது பார்ப்பது தொழில். பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் பாடம் எடுத்ததில்லை, ஆனாலும் அந்த மாடியில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான்.

மாணவர்களில் மூத்தவர் பசுபதி. ஓய்வு பெற்ற நில அளவையர். டீச்சரை விட இருபத்தைந்து வயது பெரியவர். முப்பது வருஷம் சங்கிலி பிடித்து எல்லைக்கல் நட்டவருக்கு, எதைப் பார்த்தாலும் இந்தப் பக்கம் யார், அந்தப் பக்கம் யார் என்றுதான் முதலில் தோன்றும். லினக்ஸுக்கு வந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை.

லினக்ஸ் ஒன்றுதான். ஆனால் ஆளாளுக்கு அதைத் தங்கள் கைப்பக்குவத்தில் கட்டி, ஒரு பெயர் வைத்து ஊருக்குக் கொடுக்கிறார்கள். அந்த மாடியில் இரண்டு வகைகளுக்குச் செல்வாக்கு. ஒன்று ஆமை. ஒருமுறை போட்டால் வருஷக்கணக்கில் அப்படியே ஓடும். மற்றது நாரை. வாரம் தவறாமல் அதில் ஏதாவது புதுசாக வரும். ஆமைக்காரர்கள் நாரைக்காரர்களை அவசரக்குடுக்கைகள் என்பார்கள். நாரைக்காரர்கள் ஆமைக்காரர்களைப் பத்தாம்பசலிகள் என்பார்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் ஒற்றுமை.

கரும்பலகையின் மூலையில் ஒரு கணக்கு இருந்தது. எந்தத் தரப்பு எத்தனை வீடுகளில் போட்டுக் கொடுத்திருக்கிறது என்று. ஆமை இருபத்து மூன்று, நாரை இருபத்து இரண்டு. அதை எழுதி வந்தவர் பசுபதி. அவர் நாரைக்காரர். சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது, ஆனால் நாரையை அவரே முட்டையிட்டு அடைகாத்தது போலப் பேசுவார்.

ஒரு ஞாயிறு அவர் கேட்டார்.

"டீச்சர், நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. ஆமையா, நாரையா?"

எஸ்தர் ஒரு புதுக் கீபோர்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"ரயிலடிக்குப் பின்னாடி கோமளவல்லின்னு ஒருத்தங்க இருக்காங்க. அவங்க கீபோர்டுல ரெண்டு எழுத்து விழ மாட்டேங்குது. இதை மாட்டிக் குடுத்துட்டு வாங்க சார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மறுநாள் மாலை பசுபதி போனார்.

கோமளவல்லி அரசுப் பள்ளியில் வரலாறு எடுப்பவர். பிறவியிலேயே பார்வை இல்லை. கணினி அவருக்குப் படித்துச் சொல்லும். அவர் அடிப்பதை ஒவ்வொரு எழுத்தாகத் திருப்பிச் சொல்லும். அதை வைத்து அவர் தன் வினாத்தாளைத் தானே அடித்துக் கொடுத்துவிடுவார். கண் நன்றாகத் தெரிகிற சில ஆசிரியர்கள் அதற்கு டைப் அடிக்கும் கடைக்குத்தான் போவார்கள்.

கீபோர்டு மாற்ற ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அப்போது திரையின் ஓரத்தில் இருந்த ஆமைப் படம் பசுபதியின் கண்ணில் பட்டது.

"என்னம்மா இது, ஏழு வருஷத்துக்கு முந்தினதை வச்சிருக்கீங்க?"

"பழகிடுச்சு சார். எனக்கு இது போதும்."

"பழகிடுச்சுன்னு தினமும் பழைய சோத்தையே சாப்பிட முடியுமா?"

"எனக்குப் பழைய சோறு பிடிக்கும் சார்," என்று கோமளவல்லி சிரித்தார்.

பசுபதியும் சிரித்தார். ஆனால் மனம் அதற்குள் கணக்குப் போட்டுவிட்டது. இந்த ஒரு வீடு மாறினால் அங்கே ஒன்று குறையும், இங்கே ஒன்று கூடும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

"ஒருதடவை போட்டுப் பாருங்க. அப்புறம் என்னைப் பத்திப் பத்துப் பேர்கிட்ட சொல்லுவீங்க," என்றார்.

வீடு தேடி உதவிக்கு வந்த பெரியவரிடம் வேண்டாம் என்று இரண்டாவது முறை சொல்லக் கோமளவல்லிக்கு வாய் வரவில்லை. காபி போட்டுக் கொடுத்தார்.

மூன்று மணி நேரத்தில் ஆமை போய் நாரை வந்தது. கோப்புகள் ஒன்றும் அழியவில்லை, அதில் பசுபதி கெட்டிக்காரர். குரலையும் போட்டுவிட்டார். இயந்திரம் "வணக்கம்" என்றதும் கோமளவல்லி அவர் இருந்த பக்கம் திரும்பிக் கை குவித்தார். பசுபதி நிறைந்த மனதோடு வீட்டுக்குப் போனார்.

அடுத்த ஞாயிறு, வந்ததும் வராததுமாகக் கரும்பலகையைத் துடைத்து எழுதினார். ஆமை இருபத்து இரண்டு, நாரை இருபத்து மூன்று. ஆமைக்காரர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்த ஞானதுரை அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பசுபதிக்கு அன்றைய டீயில் சர்க்கரை தேவைப்படவில்லை.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"நம்ம இருபத்து மூணாவது வீடு," என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லி, ஸ்பீக்கரைப் போட்டார் பசுபதி.

"சார், கோமளவல்லி பேசறேன். தப்பா நினைச்சுக்காதீங்க. நான் எதையோ மாத்தி அழுத்திட்டேன் போல. நீங்க போட்டுக் குடுத்துட்டுப் போன மறுநாள்லேருந்து அது வாயே திறக்கலை. பாஸ்வேர்டு கேக்குதா, வேற என்னமும் கேக்குதா, ஒண்ணும் தெரியலை. அஞ்சு நாளா ஸ்கூல் விட்டு வந்து அது முன்னாடி உக்காந்து உக்காந்து பாத்தேன்."

பசுபதிக்குப் புரிந்துவிட்டது. உள்ளே நுழைந்த பிறகு பேசும்படிதான் குரலை வைத்திருந்தார். கடவுச்சொல் கேட்கிற வாசலுக்கு அதைத் தனியாக வைக்க வேண்டும். அவர் கண்ணால் பார்த்து உள்ளே போனவர். அப்படி ஒரு வாசல் இருப்பதே அவருக்கு ஞாபகம் வரவில்லை.

"வெள்ளிக்கிழமை வினாத்தாள் குடுக்க வேண்டியிருந்துச்சு. பக்கத்து வீட்டுப் பொண்ணுகிட்டச் சொல்லி அடிச்சு வாங்கினேன். எழுதறதுக்கு ஒரு ஆளை வச்சுக்கங்கன்னு அப்பவே சொன்னேனேன்னு ஹெட்மாஸ்டர் சொல்லிட்டாரு. அது கிடக்கட்டும் சார். நீங்க மூணு மணி நேரம் உக்காந்து செஞ்சதை நான் கெடுத்துட்டேன். மன்னிச்சுக்கங்க."

ஞானதுரை திரும்பிப் பார்த்தார்.

தப்பு என்னுடையதம்மா என்று சொல்ல வந்தார் பசுபதி. வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஞானதுரையின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே உள்ளே போய்விட்டது.

"பரவால்லம்மா," என்றார். "புதுசுல எல்லாரும் பண்றதுதான். நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கலை. இனிமே கவனமா இருங்க."

"ரொம்ப நன்றி சார்," என்றார் கோமளவல்லி.

அந்த நன்றியைக் கேட்டதும் பசுபதிக்கு உடம்பு கூசியது. போனைச் சட்டைப் பையில் போட்டார். அது அங்கே இருப்பதே பிடிக்காமல் எடுத்து மேசை மேல் வைத்தார். எஸ்தர் தலை நிமிரவில்லை. ஒரு பழைய கணினியின் மூடிக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார்.

வகுப்பு முடிந்தது. ஒவ்வொருவராகப் படியிறங்கினார்கள். பசுபதி மட்டும் போகவில்லை.

"டீச்சர்," என்றார். "ஒருவேளை நாரையே சரியில்லையோ? ஆமைதான் நல்லதோ?"

எஸ்தர் எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அங்கே ஓடிக்கொண்டிருந்த ஒரு நாரைக் கணினியை அணைத்து மறுபடி போட்டார். பிறகு திரையின் பொத்தானை அழுத்தி, திரையை மட்டும் அணைத்தார்.

"உள்ள போங்க சார்."

பசுபதி உட்கார்ந்தார். கடவுச்சொல்லை அடித்தார். உள்ளே போனதா என்று தெரியவில்லை. மறுபடி அடித்தார். இப்போது எதன் மேல் அடிக்கிறோம் என்றும் தெரியவில்லை. இருக்கிற பொத்தான்களையெல்லாம் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். இயந்திரத்தின் காற்றாடி ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. கறுத்த கண்ணாடியில் அவர் முகம்தான் தெரிந்தது. கோமளவல்லிக்கு அதுகூட இருந்திருக்காது என்று நினைத்துக்கொண்டார்.

கீழே யாரோ ஒரு பூட்டுக்குச் சாவி சாவியாகப் போட்டுப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"எவ்வளவு நேரம் டீச்சர் இப்படி?"

"அஞ்சு நாள்."

பசுபதியின் கை நின்றுவிட்டது. பழைய சோறு பிடிக்கும் என்று சிரித்த அந்த முகம் கண்முன் வந்து நின்றது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, கைப்பையை இறக்கி வைத்து, இதன் முன்னால் உட்கார்ந்து, நான் என்ன தப்பு செய்தேன் என்று தேடியிருக்கிறார். ஒரு நாள் இல்லை, ஐந்து நாள்.

"தப்பு என்னோடது டீச்சர். அவங்க பேசும்போதே தெரிஞ்சுடுச்சு."

"ம்."

"ஞானதுரை பாத்துக்கிட்டு இருந்தாரு."

"ஆமா. இருந்தாரு."

பசுபதி கீபோர்டைத் தள்ளி வைத்தார்.

"இப்பவே போயி பழையபடி ஆமையையே போட்டுக் குடுத்துடறேன்."

"ஆமையும் ஊமையாத்தான் வந்துச்சு சார். மூணு வாரம் அவங்க பக்கத்துல உக்காந்து பேச வச்சேன்."

பசுபதி நிமிர்ந்து பார்த்தார்.

"அது நீங்க போட்டதா டீச்சர்?"

"நாரையும் பேசும். கம்ப்யூட்டரை விடுங்க, சாயங்காலம் நான் போய்ப் பாத்துக்கறேன்."

பசுபதி எழுந்தார். அங்கே நிற்க முடியவில்லை, கீழே இறங்கவும் கால் வரவில்லை. கரும்பலகையிடம் போய் டஸ்டரை எடுத்தார்.

"அதை அழிக்கறது சுலபம் சார்," என்றார் எஸ்தர்.

டஸ்டர் அவர் கையிலேயே நின்றது.

"அப்ப நான் என்னதான் டீச்சர் செய்யறது?"

எஸ்தர் திரையின் பொத்தானை அழுத்தினார். வெளிச்சம் வந்தது. பசுபதி இன்னும் வாசலிலேயேதான் இருந்தார். கடவுச்சொல் தவறு என்று எழுதியிருந்தது.

"அவங்களை மன்னிச்சிட்டீங்கல்ல," என்றார் எஸ்தர். "போய் அந்த மன்னிப்பைத் திரும்ப வாங்கிட்டு வாங்க சார்."