சபூரா கொடுத்த அழுக்குப் பஞ்சு

"வாராவாரம் கழுவுறேன். அப்படியும் பாசி. நான் என்னம்மா தப்பு பண்றேன்?"

கேட்டவர் தேவசகாயம். வயது அறுபத்தொன்று. நாற்பது வருஷம் கொதிகலன் மெக்கானிக். இப்போது ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்தில் மீன்தொட்டியைப் பார்த்துக்கொள்கிறார்.

எதிரே இருந்தவள் சபூரா. வயது முப்பத்திரண்டு. கொளத்தூரில் மீன் வளர்ப்பவள். அதிகம் பேசமாட்டாள்.

தேவசகாயம் பையிலிருந்து ஃபில்டர் பஞ்சை எடுத்து அவள் முன் வைத்தார். சலவைக்குப் போய் வந்த வேட்டி மாதிரி வெளுத்திருந்தது.

"குழாய்த் தண்ணியில பிரஷ் போட்டுத் தேய்ச்சது. என்னை மாதிரி இன்னொருத்தன் கழுவ முடியாது."

"மீனு?"

அவர் குரல் இறங்கியது.

"இந்த மாசம் பதினொண்ணு செத்துப்போச்சு. ஊசி போட வர்ற பிள்ளைங்க, எங்கே எங்கேன்னு தேடுதுங்க."

சபூரா எழுந்தாள். தன் தொட்டிகளில் பழைய ஒன்றின் ஃபில்டரைத் திறந்தாள். பழுப்பேறி, வழுவழுவென்று ஒரு பஞ்சு. அந்தத் தொட்டித் தண்ணீரையே வாளியில் மொண்டு, அதில் இரண்டு முறை முக்கி எடுத்தாள். ஈரத்தோடு கவரில் போட்டு நீட்டினாள்.

"இதைப் போடுங்க."

"அழுக்கும்மா இது!"

"ஒன்பது வருஷக் குடித்தனம், சார். மீனோட கழிவைத் தின்னு தீர்க்கிற உயிருங்க இதுலதான் இருக்கு. உங்க பஞ்சுல ஒண்ணையும் நீங்க விட்டு வைக்கல."

தேவசகாயம் கவரை வாங்கிக்கொண்டார்.

"விளக்கு எவ்வளவு நேரம் எரியுது?"

"அணைக்கிறதே இல்ல."

"ஆறு மணி நேரம் போதும். முன்கண்ணாடியை மட்டும் துடைங்க. பஞ்சைத் தொடாதீங்க."

"எத்தனை நாளைக்கு?"

"உங்க கை சும்மா இருக்கப் பழகற வரைக்கும்."

திங்கட்கிழமை வந்தது. கழுவுகிற நாள். கை பரபரத்தது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு தொட்டி முன் நின்றார்.

மூன்றாம் வாரம் ஆஸ்பத்திரி மேனேஜர் வந்தார்.

"என்னய்யா, இன்னும் பச்சையாவே கிடக்கு? முடியலன்னா சொல்லு, வேற ஆளைப் பார்க்கிறேன்."

நாற்பது வருஷ வேலையில் அவரிடம் யாரும் சொல்லாத வார்த்தை அது. முகம் சுண்டிப்போனது.

"ஒரு மாசம் குடுங்க சார்."

அவ்வளவுதான் சொன்னார். பிரஷ் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுக்கவில்லை.

முதலில் மீன் சாவது நின்றது. பிறகு, இன்ன நாள் என்று சொல்ல முடியாதபடி, தண்ணீர் தெளிந்தது.

ஒரு காலை, கையில் பிளாஸ்திரி ஒட்டியிருந்த ஒரு சிறுமி அழுகையை நிறுத்திவிட்டுக் கத்தினாள்.

"குட்டி மீனு! குட்டி குட்டியா!"

பின்கண்ணாடியில் மெல்லிசாகப் படிந்திருந்த பச்சையைக் கொத்திக்கொண்டு கடுகு கடுகாய்க் குஞ்சுகள்.

கூடமே எழுந்து வந்தது. மேனேஜரும் வந்தார். குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"தண்ணி இருக்கிறதே தெரியலையே! ஃபில்டரை எதைப் போட்டுக் கழுவுனீங்க?"

தேவசகாயம் நெஞ்சை நிமிர்த்தினார்.

"கழுவவே இல்ல சார்."