தோண்டாத சுவர்

கடலோரத்தில் கோரைத்தேரி என்று ஒரு மேடு இருந்தது. மேட்டுக்கு அடியில் ஒரு பழைய துறைமுகம் புதைந்து கிடந்தது. அதைப் பார்க்க இரண்டு குழிகள் வெட்டினார்கள். குழிகளுக்கு நடுவே ஓர் ஆள் அகலத்துக்கு மண்ணைத் தொடாமல் விட்டார்கள். அந்த மண்தான் சுவர்.

அகழாய்வு செய்கிறவர்களிடம் அப்படி ஒரு வழக்கம் உண்டு. முழுசையும் தோண்டிவிட மாட்டார்கள். நாளைக்கு இன்னொருவர் இன்னும் நல்ல கருவியோடு வருவார். நாம் சொன்னது சரிதானா என்று பார்க்க அவருக்கும் கொஞ்சம் மண் வேண்டாமா? அதற்காக விடுவது.

சுவரின் விலாவிலிருந்து ஒரு ஜாடியின் கழுத்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. யவனர் கப்பலில் வந்த ஜாடி. வாய் நிறைய மண். வயிறு சுவருக்குள்ளே. அந்த வயிற்றில் என்ன இருக்கிறது, அதைச் சுற்றி என்ன கிடக்கிறது என்று சுவருக்கே தெரியாது. இடப்பக்கக் குழியும் வலப்பக்கக் குழியும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயின.

அப்புறம் கம்ப்யூட்டர் விளையாட்டுக் கம்பெனிக்காரர் கிளமென்ட் வந்தார். குழிகளுக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டார். உள்ளே இரண்டு பேரைக் குடிவைத்தார். ஒன்று, தலையில் மாட்டிக்கொள்ளும் கண்ணாடி. மாட்டினால் மேடு மறைந்து, இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய துறைமுகம் கண்முன்னே விரியும். கப்பலில் மிளகு ஏற்றலாம், யவனனோடு மல்லுக்கு நிற்கலாம். இன்னொன்று, செயற்கை அறிவு. அந்தத் துறைமுகத்தைக் கட்டிக் கொடுத்ததே அதுதான். எல்லோரும் அதை அறிவாளி என்று கூப்பிட்டார்கள்.

குழிகளில் கிடைத்ததை வைத்து அறிவாளி வீடு கட்டியது, தெரு போட்டது. கிடைக்காத இடம் வந்தால்? அங்கேயும் எதையாவது கட்டியது. சுவர் நின்ற இடத்தில் ஒரு மதுக்கடையைக் கட்டியது. அங்கே செம்பட்டைத் தாடிக்காரன் ஒருவன் குடித்துவிட்டு மேசைமேல் ஏறி ஆடுவான். அவனைப் பார்க்கவே கொட்டகை வாசலில் கூட்டம் அம்மியது.

அகழாய்வு அதிகாரி மெய்யம்மையும் ஒருநாள் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். சிரித்துக்கொண்டே கழற்றினார். மறுநாள் யாரோ சுவரைக் காட்டிக் கேட்டபோது, "அங்கயா? மதுக்கடை இருந்துச்சு" என்று சொல்லிவிட்டார். வருஷக்கணக்கில் வெயிலில் குந்தியிருந்து தோண்டிய அம்மாள். தோண்டாத இடத்தைப் பற்றித் தோண்டியவர் மாதிரிப் பேசினார். பேசியது அவருக்கே உறைக்கவில்லை.

கிளமென்டுக்கு உறைத்தது. விடுவாரா?

"அதான் பாத்தாச்சுல்லா மேடம்? பொறவு எதுக்கு அந்த மண்ணு? தள்ளிட்டுத் தரையப் போட்டம்னா பெரிய அரங்கமே கட்டிரலாம். ஒரே நேரத்துல அம்பது பேரு விளையாடலாம்."

மெய்யம்மை மறுக்க ஒரு காரணம் தேடினார். கையில் ஒன்றும் சிக்கவில்லை. "சரி, செய்ங்க" என்றார்.

மறுநாள் காலையிலேயே பொக்லைன் வந்துவிட்டது. குழி ஓரத்தில் நின்று, "யாரத் தள்ளணும்? சீக்கிரம் சொல்லுங்க, எனக்கு வேற எடத்துலயும் வேலை கெடக்கு" என்று உறுமியது.

சுவருக்கு வந்ததே கோபம்!

"ஏய் அறிவாளி! இங்கிட்டு வாரும்வே."

"வணக்கம். நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?"

"நீரு உதவுனது போதும். எனக்குள்ள என்ன இருக்கு?"

"மதுக்கடை."

"பாத்தீரா?"

"பாக்கல. கணக்கு சொல்லுது. நூத்துக்குத் தொண்ணூறு."

"தொண்ணூறா! யாருகிட்டவே வெலை சொல்லுதீரு? எத வச்சு?"

"ஜாடிய வச்சு. இந்த மாதிரி ஜாடியிலதான் யவனங்க மது கொண்டு வருவாங்க. வேற துறைமுகங்கள்ல பாத்திருக்காங்க."

"ஊர்க்கதை வேண்டாம். இந்தத் துறைமுகத்துல?"

அறிவாளி தேடியது. "இங்க கெடைச்ச ஜாடி ஓட்டுல எண்ணெய்ப் பிசுக்கு இருந்துச்சு."

"அப்பம் எவ்வளவு?"

"எழுபது."

"மது வந்துச்சுன்னே வச்சுக்கிடுவோம். குடிச்சு முடிச்சா ஜாடிய ஒடைச்சா போடுவான்? தண்ணி பிடிச்சு வைக்க மாட்டானா? உப்பு போட்டு வைக்க மாட்டானா? ஒம்ம கொட்டகை வாசல்ல பெயிண்ட் டப்பாவுல துளசி நட்டிருக்காங்க. நாளைக்கு அதத் தோண்டி எடுக்கவன், இங்க பெயிண்ட் கடை இருந்துச்சும்பானா?"

இரண்டு குழிகளும் குலுங்கிச் சிரித்தன. கொஞ்சம் மண் சரிந்தது.

"நாற்பது" என்றது அறிவாளி. குரல் இறங்கியிருந்தது.

"நாற்பதும் ஜாடிக்குத்தான். கடைக்கு? மேசைக்கு? அந்தத் தாடிக்கு எவ்வளவுவே?"

"தாடி... பிள்ளைங்களுக்குப் பிடிக்கும்னு வச்சேன்."

"நூத்துக்கு எவ்வளவுன்னு கேட்டேன்."

கொட்டகைக்குள்ளிருந்து கண்ணாடி அலறியது.

"அண்ணாச்சி, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும், தாடியில கை வைக்காதிய! அவன் போயிட்டான்னா என்னைய யாரு மாட்டுவா?"

"நீ சும்மா கெட. கண்ணப் பொத்துததுதான் ஒன் பொழப்பு" என்று சுவர் ஓர் அதட்டுப் போட்டது.

அறிவாளி தயங்கித் தயங்கிப் பேசியது. "நான் ஒண்ணு சொல்லட்டுமா? என்கிட்ட வர்ற யாரும் 'தெரியாது'ங்கிற பதிலுக்காக வர்றதில்ல. அதச் சொன்னா என்னைக் கழற்றி எறிஞ்சிருவாங்க."

"எறிவான். இல்லைங்கல. ஆனா இதையும் கேட்டுக்கிடும். இன்னைக்கு என்னத் தள்ளிட்டா, நீரு சொன்னது தப்புன்னு எவனாலயும் காட்ட முடியாது. சரின்னும் காட்ட முடியாது. ஒம்ம கணக்குக்கு விடையே கெடையாது. அந்தத் தாடிக்காரன் பாட்டுக்கு ஆடிக்கிட்டே இருப்பான். சம்மதமா?"

அறிவாளி கணக்கிலேயே பிறந்தது, கணக்கிலேயே வளர்ந்தது. தப்பான விடையைக்கூட அது தாங்கும். சரிபார்க்க வழியே இல்லாமல் போகிற கணக்கை அதனால் தாங்க முடியாது. ஒருமுறை போட்டுப் பார்த்தது. மறுபடி போட்டுப் பார்த்தது.

"தெரியாது" என்றது.

அந்த நேரம் கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்தவர் கருவாட்டு வியாபாரி ரெஜினா. மேசைமேல் ஆடிக்கொண்டிருந்தவன் அவர் கண்ணெதிரே மறைந்தான். கடை போனது, மேசை போனது. ஒரு மொட்டை மண்சுவரும் அதில் நீட்டிக்கொண்டிருந்த ஜாடிக் கழுத்தும்தான் மிச்சம்.

"எய்யா, கடையக் காணோம்! குடிகாரப் பயலயும் காணோம்!"

கிளமென்ட் ஓடிவந்தார். "மிஷின்ல ஏதோ கோளாறும்மா. கழட்டுங்க, இப்பம் சரி பண்ணிருதேன்."

ரெஜினா கழற்றினார். கொட்டகைக்கு வெளியே அதே மண்சுவர். அதே கழுத்து. விறுவிறுவென்று குழி ஓரத்துக்குப் போனார். மெய்யம்மை அங்கே வெயிலுக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

"கண்ணாடிக்குள்ளயும் கடை போயி இந்தச் சொவருதான் நிக்குது. இதுக்குள்ள என்னதாம்மா இருக்கு?"

மதுக்கடை என்று சொல்லத்தான் மெய்யம்மை வாயெடுத்தார். கண் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த கழுத்தின்மேல் விழுந்தது.

"தெரியாதும்மா."

"இம்புட்டு வருஷமாத் தோண்டுதிய!"

"இதைத் தோண்டலம்மா. வேணும்னேதான் விட்டு வச்சோம்." சொல்லும்போதுதான் அவருக்கே உறைத்தது. பொக்லைனைத் திரும்பிப் பார்த்தார்.

கொட்டகை வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராக இந்தப் பக்கம் வந்தார்கள். "தங்கமா இருக்கும்" என்றார் ஒருவர். "எலும்பு" என்றார் இன்னொருவர். ரெஜினா குனிந்து மோந்து பார்த்து, "கருவாடாக்கூட இருக்கலாம், நமக்கென்ன தெரியும்" என்றார்.

"எல்லாரும் வரிசைக்கு வாங்க! இந்த மண்ணுல என்ன இருக்கு?" என்று கத்திக்கொண்டே கிளமென்ட் கூட்டத்தைப் பிளந்துகொண்டு குழிக்குள் இறங்கினார். இறங்கியவர் கண்ணில் ஜாடியின் வாய் பட்டது. இதுவரை அவர் அதைக் கண்ணாடிக்குள்தான் பார்த்திருந்தார். அங்கே அது பளபளவென்று இருந்தது. இங்கே ஒரு பக்கம் உடைந்து, தொண்டைவரை மண்ணோடு நின்றது. அவர் குந்தினார். தொண்டைக்குள் எட்டிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. சட்டையெல்லாம் மண்.

"மேடம், நெசம்மாவே தெரியாதா?"

"நெசம்மாவே."

"கம்ப்யூட்டருக்கு?"

"அதுக்கும் தெரியாது. அதான் கடைய எடுத்துட்டு வெறும் சுவரைக் காட்டுது."

"அப்பம் எப்பதான் தெரியும்?"

"எனக்கப்புறம் வர்றவங்க பாப்பாங்க. சுவர் இருந்தா."

கிளமென்ட் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் ஜாடிக்குள் பார்த்தார்.

பொக்லைன் பொறுமையிழந்து கையைத் தூக்கியது. "பேச்செல்லாம் பொறவு பேசுங்க. தள்ளட்டா, வேண்டாமா?"

கிளமென்ட் துள்ளி எழுந்தார். முதுகைச் சுவரில் ஒட்டி, இரண்டு கைகளையும் அகல விரித்து நின்றார்.

"கிட்ட வராத! உள்ள என்ன இருக்குன்னு இன்னும் யாருக்குமே தெரியாது."