திருமேனி சோறாகப் போன கதை

முன்னொரு காலத்தில், மலையடிவாரத்து ராஜ்யம் ஒன்றை ஆண்ட அரசருக்கு ஒரு நாள் மதியம் சோறு தொண்டையில் இறங்கவில்லை. வெகு நாட்களாகவே அது ஆறித்தான் வந்துகொண்டிருந்தது. ஊற்றிய நெய் உருகாமல் மேலே உறைந்து நின்றது. அன்றைக்கு அவர் இலையைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

இதற்காகவே காத்திருந்தவர் போலப் பிரதானி அனந்தமூர்த்தி முன்னே வந்தார். "மடப்பள்ளி ஆட்கள் சோம்பிவிட்டார்கள், மகாராஜா. எல்லோரையும் ஊரைவிட்டு அனுப்பிவிட்டுப் புதியவர்களை அமர்த்துவோம். என் மைத்துனருக்கு நல்ல சமையல்காரர்களைத் தெரியும்."

"அப்படியே ஆகட்டும். நாளை மாலைக்குப் பின் ஒருவரும் இங்கே இருக்கக் கூடாது."

சபையின் ஓரத்தில் விகடர் திருமேனி நின்றிருந்தார். அரசரைச் சிரிக்க வைப்பதுதான் அவர் வேலை. அரசர் கோபமாக இருக்கையில் குறுக்கே பேசுவது அவர் வேலையில்லை. ஆனாலும் பேசிவிட்டார்.

"மகாராஜா, அரண்மனை வைத்தியர்கூட நாடி பிடித்துப் பார்த்த பிறகுதான் மருந்து அரைக்கிறார். சோறு எங்கே ஆறுகிறது என்று பார்க்காமல் ஆட்களை மாற்றினால், புது ஆட்கள் வடித்த சோறும் ஆறித்தானே வரும்?"

பிரதானி புன்னகைத்தார். "விகடரே பார்த்து வரட்டும். ஆனால் கேள்வி கேட்டால் எல்லோரும் பயந்து பொய் சொல்வார்கள். ஆகவே வாய் திறவாமல் கண்டுபிடிக்கட்டும். முடியாவிட்டால் சமையல்காரர்களோடு அவரும் புறப்படட்டும்."

அரசருக்கு அது பிடித்துப்போயிற்று. "திருமேனி, நாளை சோறு வரும் வழியில், சோறு வருவது போலவே நீ வர வேண்டும். சோறு பேசாது. நீயும் பேசக் கூடாது."

மறுநாள் திருமேனி மடப்பள்ளிக்குள் நுழைந்ததும், தலைமைச் சமையல்காரர் பொன்னப்பர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "சாமி, வர்ற மாசம் பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். ஊரை விட்டுப் போகச் சொன்னா எங்க போவேன்? ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

சொல்ல முடியாது. அரசரின் சாப்பாட்டைச் சுமந்து போகும் பெரிய மரப்பெட்டி திறந்து கிடந்தது. திருமேனி அதற்குள் ஏறிக் குந்தினார். சோற்றுப் பானையைத் தன் மடியில் வைக்கும்படி ஜாடை காட்டினார். பொன்னப்பர் தயங்கித் தயங்கி வைத்து மூடினார்.

அப்போதுதான் வடித்த சோறு. மடித்துக் கட்டிய வேட்டியையும் தாண்டித் தொடையைச் சுட்டது. திருமேனி பல்லைக் கடித்துக்கொண்டார். மடப்பள்ளியில் குறையில்லை என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

"என்னடா இது, இன்னிக்கு இந்தக் கனம் கனக்குது?" என்றான் பெட்டியை முன்னால் சுமந்தவன்.

"ராசாவுக்குப் பசி அதிகமா இருக்கும். பேசாம நட" என்றான் பின்னால் சுமந்தவன்.

முதல் வாசலில் பெட்டியை இறக்கினார்கள். மூடியைத் திறந்தால்? அரசரின் உணவுக்குள் ஒருவன் ஒளிந்திருப்பதைக் கண்டால், காவலன் முதலில் குத்துவான், பிறகுதான் விசாரிப்பான். நான்தான் என்று சொல்லவும் வழியில்லை. நெஞ்சு அடித்த அடி பானையில் மோதியது.

யாரும் திறக்கவில்லை. "முத்திரை அதிகாரி வரணும், இருங்க" என்றது ஒரு குரல். வெகுநேரம் கழித்து வந்த அதிகாரி கொட்டாவி விட்டபடி மூடிமேல் அரக்கு முத்திரையை அழுத்திவிட்டுப் போனார். அடுத்த வாசலில், அந்த முத்திரையைச் சரிபார்க்க வேண்டியவர் குளிக்கப் போயிருந்தார். அதற்கடுத்த வாசலில், ராகு காலம் கழியட்டும் என்று சோதிடரின் ஆள் உட்கார வைத்தான். மடியில் சூடு தணிந்தது, வெதுவெதுப்பாயிற்று, கடைசியில் பானை ஆற்றுக் கல்லைப் போலச் சில்லிட்டது.

திறந்துவிடுவார்களோ என்று நடுங்கியவருக்கு இப்போது வேறு நடுக்கம் பிடித்தது. எந்த வாசலிலும் ஒருவர்கூடத் திறக்கவில்லையே. தன் இடத்தில் கத்தியோடு ஒருவன் இருந்தால்?

அரசர் முன்னிலையில் முத்திரை உடைந்தது. உள்ளே மனிதத் தலையைக் கண்டதும் காவலர்கள் வாளை உருவினார்கள். அரசர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"திருமேனி, இனி நீ பேசலாம்."

"சோறு நெருப்பாகப் புறப்பட்டது, மகாராஜா. என் தொடை கொப்பளித்திருக்கிறது. வாசலுக்கு வாசல் காத்துக் கிடந்துதான் ஆறியது. தங்களைக் காப்பதற்காக இத்தனை பேர் நிற்கிறார்கள். பெட்டிக்குள் ஓர் ஆள் இருந்ததை ஒருவரும் அறியவில்லை."

அரசரின் முகம் சிவந்தது. "இத்தனை வாசலிலும் ஆட்களை நிறுத்தியது யார்? எவராக இருந்தாலும் ஒரு மாதம் ஆறிய சோறு தின்னட்டும். இது என் தீர்ப்பு."

பிரதானி தலையைக் குனிந்துகொண்டார். ஆட்களை நிறுத்தியது அவர்தான். ஆனால் சென்ற மாதம், யாரோ விஷம் வைப்பதாகக் கனவு கண்டு, "இன்னும் ஆள் போடு, இன்னும் போடு" என்று நச்சரித்தவர் அரசர். அதைத் திருமேனி காதாரக் கேட்டிருந்தார். உள்ளதைச் சொன்னால் தலை தப்புமா? மறைத்தால், தண்டனை பெற்ற பிரதானி பொன்னப்பர் வீட்டுக் கல்யாணத்தை நடக்க விடுவாரா?

"மகாராஜா, அந்தத் தண்டனை நிறைவேறிவிட்டது. ஆணையிட்டவர் ஒரு மாதமாக ஆறிய சோறுதான் சாப்பிட்டு வருகிறார்."

அரசர் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு அரசரின் தோள் குலுங்கியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"ஒரே ஒரு வாசல் போதும். அங்கே பிரதானியே நின்று தினமும் மூடியைத் திறந்து பார்க்கட்டும். மடப்பள்ளியில் ஒருவரும் மாற வேண்டாம்." தம் முத்து மாலையைக் கழற்றித் திருமேனியின் கழுத்தில் போட்டார்.

மாலையோடு திருமேனி நேரே மடப்பள்ளிக்குப் போனார். பொன்னப்பர் அழுதுகொண்டே இலை போட்டு, ஆவி பறக்கச் சோறு பரிமாறினார். திருமேனி பிசைந்து ஒரு கவளம் எடுத்தார். அது விரலைச் சுட்டது. ஆறக் காத்திராமல் வாயில் போட்டுக்கொண்டார்.