ஏழாவது பாரா

தபால் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சட்டம் படித்தவர் கோதண்டம். தன் மகள் வயதுள்ள வக்கீல் மரகதவல்லியிடம் ஜூனியராகச் சேர்ந்திருந்தார். கோர்ட்டில் வழக்குப் போட அவர் எழுதிய முதல் பிராது பேச்சியம்மாளுடையது.

பேச்சியம்மாள் வீட்டுக்குப் போகிற வண்டிப்பாதையில் பக்கத்துத் தோட்டக்காரர் இரும்பு கேட் போட்டுப் பூட்டிவிட்டார். மகள் செண்பகத்தைப் பாம்பு கடித்த அன்று ஆட்டோ கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. பேச்சியம்மாள் கேட்டைத் தட்டிக் கத்தினார். யாரும் வந்து திறக்கவில்லை. மகளைத் தோளில் போட்டுக்கொண்டு கண்மாய்க் கரையைச் சுற்றி ஓடினார். ஆஸ்பத்திரி வாசலிலேயே உயிர் போய்விட்டது.

பாதையின் அகலம், நீளம், காலங்காலமாக அதில் நடந்துவந்த உரிமை எல்லாவற்றையும் கோதண்டம் ஆறு பாராக்களில் எழுதினார். ஏழாவது பாராவில் செண்பகத்தை எழுதினார். எழுதும்போது அழுதார்.

மரகதவல்லி நிதானமாகப் படித்துவிட்டு, ஏழாவது பாராவைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார்.

கோதண்டத்துக்குக் கோபம் வந்தது. “கேஸே அதுதானே மேடம்? அது இல்லாட்டி இது வெறும் கேட் தகராறு.”

“ஆமா சார். கோர்ட்டால கேட்டைத்தான் திறக்க முடியும்.”

“நடந்ததை எழுதினா என்ன தப்பு?”

மரகதவல்லி ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். தன்னை எதிர்த்தரப்பு வக்கீலாக வைத்துக்கொண்டு அதில் இரண்டு வரி எழுதினார். எதிரே உட்கார்ந்திருந்த பேச்சியம்மாளுக்கு அதைப் படித்துக் காட்டச் சொன்னார்.

கோதண்டம் கண்ணால் படித்தார். தாளை மேஜையில் வைத்துவிட்டார்.

“படிங்க சார். நாம எழுதுற ஒவ்வொரு பாராவுக்கும் அவங்க பதில் எழுதியாகணும். மறுக்காம விட்டா ஒத்துக்கிட்டதா ஆயிரும். எந்த வக்கீலும் இதைத்தான் எழுதுவார். நானும்தான்.”

படித்தார். “ஏழாவது பாராவில் கண்டவை யாவும் பொய், வழக்குக்காக ஜோடிக்கப்பட்டவை. வாதி அவற்றைக் கண்டிப்பாக நிரூபிக்க வேண்டும்.”

வாதி என்றால் யார் என்று பேச்சியம்மாள் கேட்டார். நீங்கள்தான் என்றார் கோதண்டம். அவள் செத்ததை நான் நிரூபிக்க வேண்டுமா என்று கேட்டார். கோதண்டம் தலையைக் குனிந்துகொண்டார்.

பேச்சியம்மாள் கோடு விழுந்த பாராவின் மேல் கை வைத்தார்.

“இருக்கட்டும்யா, அடிக்காதீங்க,” என்றார். “பொய்யின்னு சொல்றதுக்காவது அந்தாளு எம் புள்ள பேரைச் சொல்லணும்ல? அவ போனதுலேருந்து ஒரு தடவகூடச் சொல்லல. செண்பகம்னு சொல்லட்டும். எனக்கு அது போதும்.”

கோதண்டம் நிமிர்ந்தார். அடித்த பாராவை மறுபடி எழுதப் பேனாவை எடுத்துவிட்டார்.

மரகதவல்லி அந்த வெள்ளைத்தாளைப் பேச்சியம்மாள் பக்கம் திருப்பி வைத்தார்.

“இதுல பேர் இல்லம்மா,” என்றார். “ஏழாவது பாரான்னுதான் எழுதுவாங்க.”