திட்டு கரைவதற்குள்

"பழி வராத முடிவு ஒண்ணு வேணும் அம்மை. இப்பவே வேணும்."

மருதவாணர் குன்றின் படிகளை ஓடியே ஏறி வந்திருந்தார். ஓடத்துறை ஊருக்கு அவர்தான் நாட்டார். தோள்துண்டு வழியில் எங்கோ விழுந்துவிட்டது. அதை அவர் கவனிக்கவில்லை.

அம்மை பாறைமேல் ஏடுகளை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தாள். அவரைவிட வயதில் மிகச் சிறியவள். இருந்தும் ஊர் முழுக்க அவளை அப்படித்தான் அழைத்தது. மழைக்காலம் தோறும் அவள் ஊர்ச் சுவடியான துறைக்காவியத்தை வாசிக்க, மருதவாணர் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்பார்.

"மூச்சு வாங்கிக்குங்க" என்றாள்.

"மூச்சுக்கு நேரமில்லை. ஆத்தைப் பாருங்க!"

அவள் பார்த்தாள்.

ஆற்றில் புதுவெள்ளம் வந்திருந்தது. செம்மண் நிறம். நடுவில் ஒரு மணல்திட்டு. திட்டின்மேல் ஓர் ஓடம் சாய்ந்து கிடந்தது. அதைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள்.

"யார் அவங்க?"

"அக்கரை ஆளுங்க. அங்கே வாந்திபேதி. வீட்டுக்கு வீடு சாவு. தப்பிச்சு வந்திருக்காங்க."

"கரைக்கு வரலையா?"

"விடமாட்டாங்க. ஊரே கல்லும் கையுமா நிக்குது. அக்கரை ஓடம் எதுவும் இங்கே அணையக்கூடாதுன்னு தமுக்கு அடிச்சது யாரு? நான்தான். சுவடியைத் தொட்டு வாக்குக் கொடுத்தது யாரு? அதுவும் நான்தான்."

"திரும்பிப் போகலாமே."

"ஓடம் அடி விட்டுப்போச்சு. திட்டுல ஏறி நிக்கிறாங்க. திட்டு கரையுது. உச்சிப் பொழுதுக்குள்ள அது இருக்காது."

அவர் திட்டை நோக்கிக் கை நீட்டினார்.

"பச்சைச் சேலை தெரியுதா? அது என் மக. செவ்வந்தி. அக்கரையில கட்டிக்கொடுத்திருக்கேன்."

அம்மை கையிலிருந்த ஏட்டைக் கீழே வைத்தாள்.

"என்ன செய்யணும் நான்?"

"கயிறு சாத்துங்க."

ஓடத்துறையில் தீராத வழக்கு வந்தால் அதுதான் வழக்கம். துறைக்காவியத்தின் ஏட்டுக்கட்டில், கண்ணை மூடிக்கொண்டு ஒரு நூல்கயிற்றை நுழைப்பார்கள். எந்த ஏட்டில் கயிறு விழுகிறதோ, அந்த ஏட்டில் அந்தக் காலத்து அரசன் என்ன செய்தானோ அதுவே தீர்ப்பு. வரப்புத் தகராறும் கிணற்றுப் பங்கும் அப்படித்தான் தீர்ந்திருந்தன. யாரும் மறுபேச்சுப் பேசியதில்லை.

துறைக்காவியம் முழுக்க அரசர்கள் முடிவெடுப்பார்கள். எடுத்துவிட்டு அழுவார்கள். ஊரும் சேர்ந்து அழும். மருதவாணர் எல்லோரையும்விட உரக்க அழுவார்.

அம்மை கண்ணை மூடிக் கயிற்றை நுழைத்தாள். ஏட்டைப் பிரித்தாள்.

"கோட்டை வாசல். தோற்று ஓடிவருகிறது அரசனின் படை. பின்னாலேயே பகைவர். கதவைத் திறக்கவா என்று கேட்கிறான் காவலன். திற என்கிறான் அரசன்."

மருதவாணர் துள்ளினார்.

"திற! திறன்னு விழுந்திருக்கு! பாத்தீங்களா! நான் நினைச்சேன், காவியம் கைவிடாதுன்னு!"

படிக்கு ஓடினார். இரண்டு படி இறங்கினார். நின்றார்.

"அம்மை, அடுத்த ஏடு…"

"அது எதுக்கு? தீர்ப்பு இந்த ஏட்டுலதானே?"

"எனக்குத்தான் மனப்பாடமாத் தெரியுமே. படையோட பகைவனும் உள்ளே வந்தான். விடியும்போது ஊர் சாம்பல். தாய்மார் மண்ணை வாரித் தூத்தினாங்க அரசன்மேல."

திரும்பி ஏறி வந்தார்.

"இன்னொரு தடவை சாத்துங்க."

"ஒரு வழக்குக்கு ஒரு தடவைதான்."

"இது வழக்கா? என் மக!"

கீழே பாதிப் படியிலிருந்து ஒரு குரல் வந்தது. துறைக்காவல் சடையன்.

"நாட்டாரே! தண்ணி ஏறுது! விடவா, தடுக்கவா?"

"இருடா! ஏடு பாத்துக்கிட்டிருக்கேன்!"

"ஏடு எங்கேயும் போகாது. ஆறு போகுதே!"

"வாயை மூடு!"

அம்மை மறுபடி கயிற்றை நுழைத்தாள்.

"இன்னொரு கோட்டை. இன்னொரு அரசன். கதவை யாருக்கும் திறப்பதில்லை என்று குடிகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். வெளியே தட்டுகிறான் ஒருவன். குரல் தெரிந்த குரல். அரசன் திறக்கவில்லை."

"வாக்கு!" மருதவாணர் தொடையில் அறைந்தார். "அதானே! வாக்குன்னா வாக்குதான். இவன் அரசன்! என்ன நெஞ்சுரம்! ஊரைக் காப்பாத்திட்டான் பாருங்க!"

"ஆமாம். காப்பாத்திட்டான்."

"ஒரு உயிருக்கும் சேதம் இல்லை ஊருக்குள்ளே."

"இல்லை."

"அப்புறம் காலையில கதவைத் திறந்தா…"

அவர் குரல் உடைந்தது. அந்த இடத்தைக் கேட்கும்போதெல்லாம் உடைவதுதான்.

"தம்பி. கதவோரம். நகமெல்லாம் மரத்துல. 'கதவு நின்றது, தம்பி நிற்கவில்லை.' அம்மை, எப்படி எழுதியிருக்கான் புலவன்! ஒரே வரி! கதவு நின்றது, தம்பி நிற்கவில்லை. ஆகா!"

கண்ணீர் தாடியில் இறங்கியது. துடைக்கத் துண்டைத் தேடினார். அப்போதுதான் துண்டு இல்லை என்று தெரிந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"அந்தத் தம்பிக்காக நல்லா அழுறீங்க" என்றாள் அம்மை.

"யாருக்குத்தான் அழுகை வராது!"

"அவன் செத்து எவ்வளவு காலம் ஆச்சு?"

"அதை விடுங்க. இதுவும் வேண்டாம். இவனுக்கும் பழி வந்துச்சே. சாகுற வரைக்கும் தூங்கலையே. வேற ஏடு!"

"நாட்டாரே!" சடையன் இன்னும் சில படிகள் ஏறி வந்திருந்தான். "திட்டுல பாதி இல்லை! ஓடத்தை வெள்ளம் கொண்டுபோயிருச்சு! பிள்ளைங்களைத் தோள்ல தூக்கிட்டாங்க!"

"கடைசித் தடவை" என்றார் மருதவாணர். "அம்மை, கால்ல விழுறேன்."

விழுந்தார். எழுந்திருக்கும்போது முழங்காலில் ரத்தம்.

அம்மை கயிற்றை நுழைத்தாள்.

"அரசனுக்கு மனம் ஒப்பவில்லை. முத்திரை மோதிரத்தைக் கழற்றி மந்திரியிடம் கொடுக்கிறான். உன் விருப்பம்போல் செய் என்கிறான். அந்தப்புரம் போய்விடுகிறான்."

மருதவாணர் மூச்சை இழுத்தார். முகம் மலர்ந்தது.

"இது… இது நல்லா இருக்கே! இதை எப்படி மறந்தேன்! சடையா! அடே சடையா!"

"சொல்லுங்க நாட்டாரே!"

"நீதானே துறைக்காவல்? நீயே முடிவு பண்ணு! உனக்கு முழு அதிகாரம்!"

 சடையன் தலை பாறை விளிம்பில் எழுந்தது. வியர்த்து வழிந்தான்.

"நானா?"

"நீதான்."

"நாட்டாரே, பழைய சோத்துக்கு மோரா ஊறுகாயான்னுகூட எம் பொண்டாட்டிதான் சொல்லுவா. என்கிட்ட உங்க மக உயிரைக் கொடுக்கிறீங்களே!"

"அதிகாரம்டா!"

"அதை நீங்களே வச்சுக்குங்க சாமி."

மருதவாணர் அவனைப் பார்த்தார். ஏட்டைப் பார்த்தார்.

"மந்திரியை யாரும் திட்டலை, இல்லையா அம்மை? கடைசியில?"

"மந்திரிக்குப் பேரே இல்லை காவியத்துல."

"அரசனைத்தான் காறித் துப்பினாங்க."

"ஆமாம்."

"அந்தப்புரத்துக் கதவை உடைச்சுட்டு வந்து துப்பினாங்க."

"ஆமாம்."

அவர் பாறையில் அப்படியே உட்கார்ந்தார். உடனே எழுந்தார். கயிற்றை அவள் கையிலிருந்து பிடுங்கினார். கண்ணை இறுக்கி மூடினார். ஏட்டுக்கட்டைத் துழாவினார். கயிறு உள்ளே போகவில்லை. கட்டின் விளிம்பில் குத்திக் குத்தி நூல் பிரிந்தது.

"எப்படித்தான் முடிவெடுத்தாங்களோ!" என்று கத்தினார். "இந்தப் பாவிப்பய அரசனுங்க! எவனும் தயங்கலையே! திறங்கிறான், மூடுங்கிறான், மோதிரத்தைக் கழட்டுறான்! எப்படி முடிஞ்சுது அவங்களுக்கு?"

அம்மை ஓர் ஏட்டை எடுத்து எண்ணெய்த் துணியால் துடைத்தாள்.

"அவங்க எந்தச் சுவடியில கயிறு சாத்திப் பாத்தாங்க?"

மருதவாணர் சிரித்துவிட்டார். அந்தப் பதற்றத்திலும் சிரிப்பு வந்தது.

"என்ன கேள்வி இது, அம்மை! அவங்களுக்கு ஏது சுவடி? அவங்க செஞ்சதுதானே பின்னாடி சுவடியா…"



காற்றில் ஓர் ஏடு புரண்டது. அம்மை அதன்மேல் ஒரு கல்லை வைத்தாள்.

அவர் மெல்லத் திரும்பி ஆற்றைப் பார்த்தார்.

திட்டு ஒரு பாய் அளவுக்கு ஆகியிருந்தது. ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஓரத்தில் நின்றவர்களுக்குத் தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. ஒரு கிழவர் வெறுங்கையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார். எல்லோரும் இக்கரையைப் பார்த்துக் கைகளை அசைத்தார்கள்.

பச்சைச் சேலைக்காரி கையை அசைக்கவில்லை. கரையையும் பார்க்கவில்லை. குன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருதவாணர் ஓடினார்.

சடையனை இடித்துக்கொண்டு இறங்கினார். படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினார். கடைசிப் படிகளில் உருண்டார். எழுந்து ஓடினார்.

கரையில் ஊர் நின்றது. அவரைக் கண்டதும் வழிவிட்டது. எல்லோர் கையிலும் கல் இருந்தது.

"ஏடு என்ன சொல்லுது?" என்று கேட்டார் ஒருவர்.

"தெரியாது."

"கயிறு சாத்தலையா?"

"பெரிய ஓடத்தை அவுருங்க."

யாரும் அசையவில்லை. பின்னாலேயே வந்த சடையன் போய் அவிழ்த்தான்.

"அப்போ வாக்கு?" கூட்டத்தில் ஒரு குரல். "சுவடியைத் தொட்டுக் கொடுத்த வாக்கு?"

"உடைச்சாச்சு."

"மக நிக்கிறாள்னு உடைக்கிறீரு!"

"ஆமாம். அதனாலதான்."

அவர் மறுப்பார் என்று எதிர்பார்த்திருந்தார்கள்.

"ஊருக்குள்ள கொண்டுவரலை" என்றார். "கீழ்ப்புறத்து மாட்டுக்கொட்டகை. தண்ணி வடியற பக்கம். அங்கே வச்சிருப்பேன். நானும் அங்கேதான் இருப்பேன். சோத்தைத் தூர வச்சுட்டுப் போங்க. நாங்க யாரும் வெளியே வரமாட்டோம். இன்னையிலேருந்து நான் நாட்டார் இல்லை. வேற ஆளைப் பாத்துக்குங்க."

ஓடத்தில் ஏறினார். துடுப்புக்கோலைக் கையில் எடுத்தார்.

கூட்டத்திலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். தண்ணீரில் இறங்கி ஓடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இடுப்பில் ஒரு குழந்தை. மற்றக் கையில் கல்.

"உங்க மகளைக் கூட்டியாங்க. வேண்டாங்கலை" என்றாள். "அப்படியும் காத்துலேயோ தண்ணியிலேயோ அது ஊருக்குள்ள வந்தா? என் பிள்ளைக்கு வந்தா?"

மருதவாணர் குழந்தையைப் பார்த்தார். அது வாயில் விரலை வைத்துக்கொண்டு அவர் தாடியைப் பார்த்தது.

அவரிடம் ஏதாவது ஒரு காவிய வரி வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். எந்த இடத்திலும் அவருக்கு வரி வந்துவிடும்.

"வரலாம்" என்றார்.

"வந்தா?"

கோலை மணலில் ஊன்றினார். ஓடம் அசைந்தது. அவள் விளிம்பை விட்டாள். கல்லை விடவில்லை.

"வந்தா, மருதவாணன்தான் கொண்டுவந்தான்னு சொல்லு."