தணிகாசலத்தின் ஐந்தாவது செட்

பர்வீன் மாஸ்டரிடம் பளு தூக்கக் கற்றவர்களில் தணிகாசலம்தான் மூத்தவர். சீடருக்கு நாற்பத்தாறு, குருவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. தணிகாசலம் ஆரணி டவுன் பஸ்ஸில் கண்டக்டர். காலமெல்லாம் டைமிங் பார்த்தே பழகிய மனுஷன். விடாமல் சில முறை தூக்கி ஒரு செட் முடித்து உட்கார்ந்தாலும் கண் கைக்கடிகாரத்தில்தான் இருக்கும். விநாடி முள் ஒரு சுற்று வந்ததும் எழுந்து இரும்பு பாரைப் பிடித்துவிடுவார்.

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கான மாவட்டப் போட்டிக்குப் பேர் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். ஒரே எடையை ஐந்து செட்டும் முழுசாகத் தூக்கினால்தான் அனுப்புவேன் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். நான்கு செட் எப்படியோ தாண்டுவார் தணிகாசலம். ஐந்தாவதில் பார் முழங்காலோடு நின்றுவிடும். ஒரு வாரமாக இதே கூத்து.

இதற்குள் டிப்போ நண்பர்கள், ‘எங்கள் சிங்கமே, வெற்றி நமதே’ என்று அவர் படத்தைப் போட்டு டிப்போ வாசலில் பிளெக்ஸே கட்டிவிட்டார்கள். தினமும் அதன் கீழேதான் பஸ் வெளியே வர வேண்டும். போய்த் தோற்றால்கூடப் பரவாயில்லை, போகவே இல்லையென்றால் எந்த மூஞ்சியோடு அந்த வாசலைத் தாண்டுவது? அவருக்குப் பயமாகத்தான் இருந்தது.

முதல் செட்டை முடித்துவிட்டு மாஸ்டரிடம் வந்தார்.

“மாஸ்டர், ரெண்டு செட்டுக்கு நடுவுல எவ்ளோ நேரம் உக்காரணும்? ஒருத்தன் ஒரு நிமிஷங்கறான், இன்னொருத்தன் அஞ்சு நிமிஷங்கறான். நீங்க ஒண்ணு சொல்லுங்க, அதையே புடிச்சிக்கறேன்.”

மாஸ்டர் இரும்புத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“உங்க பஸ் ஒரு ஸ்டாப்புல எவ்ளோ நேரம் நிக்கும்ணா?”

“அத எப்படி சொல்றது? காலி ஸ்டாப்புன்னா நின்னதும் கெளம்பிடலாம். சந்தை நாள்னா கூடை ஏறணும், மூட்டை ஏறணும். எல்லாம் ஏறினப்புறம் செருப்பு கீழ வுழுந்துடுச்சின்னு ஒருத்தர் எறங்குவாரு.”

“வாட்ச் பாத்து விசில் குடுக்க மாட்டீங்களா?”

தணிகாசலம் சிரித்துவிட்டார். “படியில ஆள் தொங்கறப்போ வாட்ச பாத்து விசில் குடுத்தா என்னாவறது? படிய பாத்துதான் மாஸ்டர் குடுக்கணும்.”

“அப்படியா?” என்று மாஸ்டர் கையை நீட்டினார். “வாட்ச கழட்டி இப்படிக் குடுங்க.”

கொடுத்துவிட்டார். கை மொட்டையாக இருப்பது என்னவோ போலிருந்தது.

இரண்டாவது செட் முடிந்தது. உட்கார்ந்த சூட்டோடு மூச்சு வாங்க எழுந்தார்.

“அடுத்தது... போ... போலாமா மாஸ்டர்?”

“படியில ஆள் இருக்குண்ணா.”

உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டபோது வார்த்தை உடையாமல் வந்தது. மாஸ்டர் தலையசைத்தார்.

மூன்றாவதற்குப் பிறகு இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் படியில் ஆள் இருந்தது. மூன்றாம் முறை கேட்டதும் மாஸ்டர் பாரைக் காட்டினார்.

நான்காவது முடிந்து உட்கார்ந்தவர் எதுவுமே கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் முகம் கழுவிக் கிளம்பினார்கள். நெஞ்சு தடதடத்தது, பிறகு மெதுவானது. தொடை நடுக்கம் நின்றது. பிளெக்ஸ் ஞாபகம் ஒருமுறை வந்தது, அதுவும் இறங்கிப் போனது. அவராகவே எழுந்தார்.

முழங்காலை எட்டியதும் பார் வழக்கம்போல் ஒரு கணம் தயங்கியது. பிறகு மேலே வந்தது. விடாமல் கடைசிவரை தூக்கி முடித்து, பாரை இறக்கி வைத்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில் மாஸ்டரிடம் ஓடினார்.

“மாஸ்டர், இந்தக் கடைசி செட்டுக்கு முன்னாடி நான் எவ்ளோ நேரம் உக்காந்திருந்தேன்? சொல்லுங்க, போட்டியிலயும் அதையே வெச்சிக்கறேன்.”

மாஸ்டர் கைக்கடிகாரத்தை அவரிடம் திருப்பிக் கொடுத்தார்.

“யாருக்குண்ணா தெரியும்? நானும் படியத்தான் பாத்துட்டிருந்தேன்.”