ஒன்ஸ் மோர் கேட்ட நரி

ஒரு ஏரிக்கரையில் கொண்டலாத்திப் பறவை ஒன்று நாள் தவறாமல் செத்துக்கொண்டிருந்தது.

பதற வேண்டாம். எல்லாம் நாடகத்தில்தான்.

அந்தக் கொண்டலாத்தியின் பெயர் மகுடேசன். சாயங்காலம் ஆனால் கரையோர மருதமரத்தடியில் நாடகம் நடக்கும். ராஜா வேஷம் மகுடேசனுக்குத்தான். வேறு யாருக்கும் விட மாட்டான். தலையிலேயே விரித்து மடக்குகிற கொண்டை இருக்கும்போது கிரீடத்துக்குத் தனியாக அலைய வேண்டுமா என்ன?

கடைசிக் காட்சியில் ராஜாவின் மார்பில் அம்பு பாயும். மகுடேசன் கொண்டையை விரிப்பான். மூடுவான். மறுபடி விரிப்பான். மேடையை ஒரு சுற்றுச் சுற்றி வருவான்.

"விண்ணே, விடை கொடு! மண்ணே, மடி கொடு!" என்று அலறுவான்.

அம்பு பட்டவன் எங்காவது இவ்வளவு பேசுவானா? மகுடேசன் பேசுவான். எல்லாவற்றையும் பேசி முடித்துத்தான் விழுவான்.

எருமை தேம்பித் தேம்பி அழும். தவளைகள் "ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!" என்று கத்தும். உடனே செத்த ராஜா எழுந்து, இறக்கையால் தூசியைத் தட்டிக்கொண்டு, அம்பு பாய்ந்த இடத்திலிருந்து மறுபடி சாவான்.

நரியும் வரும். பின்வரிசையில் உட்காரும். நாடகம் நடக்கும் நேரத்தில் யாரும் யாரையும் தின்னக் கூடாது என்பது அந்தக் கரையின் கட்டுப்பாடு. மற்ற நேரத்தில் அவரவர் உயிர் அவரவர் பொறுப்பு.

அதே கரையில் சின்னமணி என்றொரு குருவி இருந்தாள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடுவாள். உப்புக்கொத்தி என்பது அவள் இனத்தின் பெயர். தண்ணீர் வற்றியதும் ஏரிக்குள் தெரியும் கூழாங்கல் மேட்டில் ஓடி ஓடிப் பூச்சி பிடிப்பாள்.

ஒருநாள் போர்வீரன் மனைவியாக நடிக்க இருந்த மைனாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

"தங்கச்சி, நீ வா!" என்று சின்னமணியைக் கூப்பிட்டான் மகுடேசன். "ஒரே சீன்தான். புருஷன் செத்த சேதி வரும். கதறணும். அவ்வளவுதான் வேலை."

மேடையில் தவளை வந்து நின்றது. "அம்மா! உன் வீரன் இனி வர மாட்டான்!" என்றது.

சின்னமணி கதறவில்லை. சேதி சொன்ன தவளையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி" என்றாள். பிறகு, பக்கத்தில் இன்னொருவர் உட்கார இடம் விட்டு, சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.

எருமை அசைபோடுவதை நிறுத்தியிருந்தது. அதை எருமையே கவனிக்கவில்லை.

அப்புறம் தவளைக் கூட்டத்துக்குப் பொறுக்கவில்லை. "அழும்மா! கொஞ்சம் ஆக்டிங் குடும்மா!"

மகுடேசன் மேடைக்கு ஓடி வந்தான். "என்னம்மா இது? நீ நடிச்சதே தெரியலையே!"

"தெரியணுமாண்ணா?"

"பின்னே? பேர்ல உப்பு இருக்கு, நடிப்புல உப்பே இல்லையே!"

கரை முழுக்கச் சிரித்தது. சின்னமணியும் லேசாகச் சிரித்து வைத்தாள். மறுநாளிலிருந்து அவள் மேடை ஏறவில்லை.

கோடை வந்தது. சின்னமணியும் அவள் துணைவனும் கூழாங்கல் மேட்டில் நாலு முட்டைகளை வைத்து, மாற்றி மாற்றி அடைகாத்தார்கள். அந்த இனத்துக்குக் கூடு கட்டும் வழக்கம் கிடையாது. கல்லோடு கல்லாக முட்டை கிடக்கும். மிதித்தால்தான் முட்டை என்று தெரியும்.

ஒரு காலையில் எருமை மூச்சிரைக்க வந்தது.

"சின்னமணி... எப்படிச் சொல்றதுன்னே தெரியல. உன் வீட்டுக்காரரை வல்லூறு தூக்கிட்டுப் போயிருச்சும்மா!"

சின்னமணி எருமையைப் பார்த்தாள். "சரிக்கா" என்றாள். முட்டைகளின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

கரையில் பேச்சுக்குக் கேட்பானேன்! "ஒரு சொட்டுக் கண்ணீர் வரலை பாரு! என்ன அழுத்தம்! என்ன நெஞ்சு!" அடுத்தவர் வீட்டுத் துக்கத்துக்கு மார்க் போடுவதென்றால் எல்லோருக்கும் நேரம் இருக்கிறது.

எருமை மட்டும் ஒன்றைப் பார்த்தது. சின்னமணி உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்தில், இன்னொரு குருவி உட்காரும் அளவுக்குக் கற்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. இதே மாதிரி எங்கோ பார்த்திருக்கிறோமே என்று அதற்குத் தோன்றியது. எங்கே என்றுதான் நினைவு வரவில்லை.

மகுடேசனும் துக்கம் விசாரிக்க வந்தான். வந்தவன் விண்ணையும் மண்ணையும் கூப்பிட்டு அழுது தீர்த்துவிட்டான். சின்னமணிதான் அவனைத் தேற்ற வேண்டியிருந்தது. ஆனாலும் மகுடேசன் நல்லவன். அன்றிலிருந்து தினமும் மேட்டுப் பக்கமே புழு கொத்த வந்தான். "சும்மா, இந்தப் பக்கம் புழு ருசியா இருக்கு" என்பான். அந்தக் கல்லாங்காட்டில் ஏது புழு?

இப்போது சின்னமணிக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. அந்த முட்டைகள் பொரிய வேண்டும். மழை வந்தால் மேடு மூழ்கிவிடும். மறுபடி முட்டையிட அவளுக்குத் துணையும் இல்லை, காலமும் இல்லை. உச்சி வெயிலில் கல் அடுப்பாகக் கொதித்தது. தண்ணீருக்குப் பறந்துபோய் வயிற்றை நனைத்து வந்து, அந்த ஈரத்தால் முட்டைகளைக் குளிர வைக்க வேண்டும். முன்பு ஒருவர் போனால் இன்னொருவர் இருப்பார். இப்போது யார் இருப்பது?

"அண்ணா" என்றாள் மகுடேசனிடம். "வயித்தை நனைச்சுக்கிட்டு வந்துடறேன். கொஞ்சம் பார்த்துக்குங்க. யாராச்சும் வந்தா ஒரு குரல் குடுங்க, போதும்."

"நான் இருக்கேன்! நீ போ!"

அவள் அந்தப் பக்கம் போனாள். இந்தப் பக்கம் நரி வந்தது.

ஒரு குரல் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும். மகுடேசனால் முடியுமா? எதிரே பார்வையாளர் வேறு வந்தாயிற்று! 'அடிபட்ட பறவை மாதிரி நடித்து இந்த நரியைத் தூரமாக இழுத்துக்கொண்டு போய்விடுகிறேன்' என்று நினைத்தான். நினைப்பு நல்ல நினைப்புதான்.

கொண்டையை விரித்தான். மூடினான். மறுபடி விரித்தான்.

"ஐயகோ! ஒடிந்ததே என் சிறகு! விண்ணே, விடை கொடு! மண்ணே, மடி கொடு!"

பொத்தென்று விழுந்து புரண்டான். ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தான்.

நரி ஓடி வரவில்லை. சாவகாசமாக உட்கார்ந்துகொண்டது.

"என்ன மகுடேசா, இந்த வெயில்ல ரிகர்சலா?" என்றது. "பலே! ஒன்ஸ் மோர்!"

அந்தச் சொல் காதில் விழ வேண்டியதுதான். மகுடேசன் எழுந்தான். இரண்டு இறக்கையாலும் தூசியைப் படபடவென்று தட்டினான். கொண்டையை விரித்தான்.

"ஐயகோ! ஒடிந்ததே என்..."

பாதியில் நின்றுவிட்டான்.

நரி விழுந்து விழுந்து சிரித்தது. "ஒடிஞ்ச ரெக்கையாலேயே தூசி தட்டுறியேப்பா! வாய் 'விண்ணே'ங்குது, கண்ணு மட்டும் அந்தக் கல்லுப் பக்கமே போகுதே. அங்கே என்ன ஒளிச்சு வெச்சிருக்கே?"

சிரிப்பை நிறுத்திவிட்டு, மூக்கைத் தரையில் வைத்தது. மோப்பம் பிடித்தபடி மேட்டில் ஏறியது.

"நரியண்ணே, வேணாம்! அங்கே ஒண்ணும் இல்லை!" மகுடேசன் இப்போது நிஜமாகவே கதறினான். நிஜத்தை இனி யார் நம்புவது? நரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில்தான் சின்னமணி வந்து இறங்கினாள். வயிற்றில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. நரியின் மூக்குக்கும் முட்டைகளுக்கும் நடுவே ஒரு பாய்ச்சல் தூரம்தான் இருந்தது.

அவள் கத்தவில்லை. நரிக்குப் பக்கவாட்டில், அதைப் பார்க்காதவள் போல, தன் பாட்டுக்கு நடந்தாள். நடக்கும்போது ஒரு சிறகு கொஞ்சமே கொஞ்சம் நழுவியது. சட்டென்று எடுத்து மடக்கிக்கொண்டாள். நாலடி வைத்தாள். மறுபடி நழுவியது. மறுபடி மடக்கிக்கொண்டு, யாரும் பார்த்துவிட்டார்களோ என்பது போல ஒருமுறை திரும்பினாள்.

காயம் பட்டவர்கள் காயத்தைக் காட்டிக்கொண்டு திரிவதில்லை. மறைக்கத்தான் பார்ப்பார்கள். அது நரிக்குத் தெரியும். காயம் பட்டவர்களைத் தின்றுதானே அது உடம்பை வளர்த்திருக்கிறது!

நரியின் மூக்கு தரையிலிருந்து உயர்ந்தது. 'இது நடிப்பு இல்லை' என்று நினைத்தது. மெல்லப் பின்னால் போனது. சின்னமணி கொஞ்சம் வேகமாக நடந்தாள். நரியும் வேகமாக நடந்தது. அவள் ஒரு கல்லில் தடுக்கினாள். நரி பாய்ந்தது. மயிரிழையில் தப்பி, தத்தித் தத்தி, இன்னும் தூரமாக ஓடினாள். மேடு பின்னால் போய்விட்டது. சேற்றைக் கடந்து, கருவேலம் புதர்வரை இரண்டும் போய், மறைந்துவிட்டன.

மகுடேசன் புதர்ப் பக்கம் எட்டி எட்டிப் பார்த்தான். 'ஐயோ, தண்ணிகிட்ட யாரோ அடிச்சிருக்காங்க. அந்த ரெக்கையோட எவ்வளவு தூரம் ஓடுவா? என்னாலதானே இவ்வளவும்!'

முட்டைகளைப் பார்த்தான். வெயில் நேராக அவற்றின் மேல் விழுந்துகொண்டிருந்தது. மகுடேசன் போய் அவற்றின் மேல் நிழல் விழும்படி இறக்கைகளை விரித்து நின்றான். கொண்டை மடங்கிப் பின்னால் படிந்திருந்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. சத்தம் வரவில்லை. பார்க்க அங்கே யாரும் இல்லை.

அப்போது வானத்தில் ஒரு சின்ன நிழல் தெரிந்தது. சின்னமணி இரண்டு சிறகாலும் அழகாகப் பறந்து வந்து, வழியில் தண்ணீரில் வயிற்றை மறுபடி நனைத்துக்கொண்டு, அவன் பக்கத்தில் இறங்கினாள்.

மகுடேசன் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"தங்கச்சி... உன் ரெக்கை?"

"நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் தள்ளுங்கண்ணா, முட்டை சூடாயிடும்."

"அப்போ அது? நழுவினது? கல்லுல தடுக்கினது?"

"நடிச்சேன்."

மகுடேசன் விலகி இடம் விட்டான். அவள் ஈர வயிற்றை முட்டைகளின் மேல் அழுத்தி உட்கார்ந்தாள்.

"நீ நடிச்சதே தெரியலையே!" என்றான்.

அன்று மேடையில் சொன்ன அதே வார்த்தைதான். சொல்லி முடித்ததும் அவனுக்கே அது உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

"விடுங்கண்ணா" என்றாள் சின்னமணி. "நீங்க நிழல் குடுத்துக்கிட்டு நின்னீங்களே, அதை மேலேருந்து பார்த்தேன். ரொம்ப நல்லா இருந்தது."

"அது நடிப்பு இல்லம்மா."

"அதான்!" என்று சிரித்தாள் அவள்.

சாயங்காலம் நாடகத்துக்கு நரி உடம்பெல்லாம் முள் கீறலோடு வந்தது. மேட்டில் மோப்பம் பிடித்ததையே அது மறந்துவிட்டிருந்தது. "ரெக்கை ஒடிஞ்ச குருவி ஒண்ணு, எப்படியோ புதர்ல பூந்து தப்பிச்சிருச்சு. பாவம், பிழைக்காது" என்று எருமையிடம் சொல்லி வருத்தப்பட்டது. "ஆனா ஒண்ணுக்கா. நடிப்புன்னா நம்ம மகுடேசன்தான்! என்ன முழக்கம்!"

கடைசிக் காட்சி வந்தது. ராஜாவின் மார்பில் அம்பு பாய்ந்தது.

மகுடேசன் அலறவில்லை. தன் மார்பைக் குனிந்து பார்த்தான். யாரையோ கூப்பிடப் போவது போல வாயைத் திறந்து, கூப்பிடாமல் மூடிக்கொண்டான். மெல்ல உட்கார்ந்தான். கொண்டை தானாக மடங்கியது.

தவளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஒன்ஸ் மோர் கேட்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. எருமை மட்டும் எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கே போய்விட்டது. மூக்கால் அவனை மெதுவாகத் தொட்டது.

"மகுடேசா? டேய் தம்பி... எந்திரிடா!"

மகுடேசன் ஒரு கண்ணைத் திறந்தான். "என்னக்கா, ஒன்ஸ் மோர் வேணுமா?"

"வேணாம்டா சாமி!" என்றது எருமை, அழுகையும் சிரிப்புமாக. "நீ இருந்தா போதும்."

மழைக்கு முன்பே கூழாங்கல் மேட்டில் நாலு குஞ்சுகளும் பொரிந்து, பொரிந்த அன்றே கல்லுக்குக் கல் ஓட ஆரம்பித்தன. ஒரு குஞ்சின் சிறகு லேசாக நழுவியதைப் பார்த்து மகுடேசன் பதறிப்போய் ஓடினான். அது சட்டென்று மடக்கிக்கொண்டு அம்மாவைப் பார்த்தது.

அளவாக விழுந்த உப்பை யாரும் எழுந்து நின்று பாராட்டுவதில்லை, ஆனால் தட்டு காலியாகிவிடும். அதுபோல நடிப்பென்றே தெரியாத நடிப்புதான் உயர்ந்த நடிப்பு.